செவ்வந்தி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை

தங்கையின் கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று செவ்வந்தி சொன்னதும் ரங்கநாயகி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். காதில் மாட்டியிருந்த ஹெட்போன் வயர் இழுபட்டு, மேஜைமேல் இருந்த டீ கவிழ்ந்தது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. செவ்வந்தியைப் படைத்தவளே அவள்தான். செவ்வந்தியின் பெயர், புருஷன், வீடு, வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் எல்லாம் அவள் கற்பனையில் பிறந்தவை. அந்தச் செவ்வந்தி இப்போது முடியாது என்கிறாள்.

ரங்கநாயகி கோயம்புத்தூரில் ஒரு ஒலித்தொடர் நிறுவனத்தில் கதை எழுதுகிறவள். பஸ்ஸிலும் மில்லிலும் அடுப்படியிலும் ஜனங்கள் போனில் கேட்கிற கதைகள். இந்தத் தொழிலில் அவளுக்குப் பதினைந்து வருஷ அனுபவம் உண்டு. அவள் கதையின் வேகத்துக்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. வெள்ளிக்கிழமை ஒருவரைச் சாகடிப்பாள். திங்கட்கிழமை அதே வீட்டில் வளைகாப்பு வைப்பாள். கேட்கிறவர்கள் வெள்ளிக்கிழமை அழுதுவிட்டுத் திங்கட்கிழமை சிரிப்பார்கள். செத்தவரை அதற்குப் பிறகு யாரும் நினைப்பதில்லை. கதையில் இருக்கிறவர்களும்தான்.

அந்த வருஷம் நிறுவனம் ‘நெஞ்சகம்’ என்று ஒரு புதுக் கம்ப்யூட்டர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய குழுவில் இருந்த பெனசீர், உக்கடத்துப் பெண், முதல் நாளே ரங்கநாயகியின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து விளக்கினாள்.

“இனிமே நீங்க வசனம் எழுத வேண்டாங்க்கா. என்ன நடக்குதுங்கிறதை மட்டும் எழுதுங்க. மழை பெய்யுது, மாமியா வருது, கரண்ட் போகுது, எது வேணாலும். அதுக்குக் கதைல இருக்கறவங்க என்ன பேசுவாங்க, எப்படி நடந்துக்குவாங்கங்கிறது அவங்க பாடு. அவங்களுக்கு இதுவரைக்கும் நடந்தது அத்தனையும் உள்ள ஏத்தியாச்சு. எதையும் மறக்க மாட்டாங்க.”

“எதையுமேவா?”

“எதையுமே.”

விரல் வலி மிச்சம் என்று ரங்கநாயகி சந்தோஷப்பட்டாள். அந்த ‘எதையுமே’யை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை, செவ்வந்தியின் மகன் மாதேஷ் வாய்க்காலில் விழுந்து இறக்கிறான் என்று ஒரே ஒரு வரி தட்டினாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பையன். சின்னப் பிள்ளை என்பதால் எரிக்காமல் தோட்டத்து ஓரத்தில் புதைக்கிறார்கள் என்று இன்னொரு வரி சேர்த்தாள். பிறகு சாப்பிடப் போய்விட்டாள். திங்கட்கிழமைக்குத் தங்கையின் கல்யாணம் தயாராக இருந்தது.

செவ்வந்தி வர மறுத்ததும் ரங்கநாயகிக்கு வந்தது கோபமில்லை. பழைய விளையாட்டுக்காரிக்கு நல்ல எதிராளி கிடைத்ததும் வருமே, அந்தத் துடிப்பு. தங்கையை அழவைத்து அனுப்பினாள். மாமியாரைத் திட்டவைத்தாள். வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடிக்கவைத்தாள். செவ்வந்தி கடைசியில் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசல் வரை வந்தாள். ரங்கநாயகி ஜெயித்துவிட்டதாக நினைத்த அந்த நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்தது.

சைக்கிளை அவள் எழுதவில்லை. பெனசீரைத் திரும்பிப் பார்த்தாள். பெனசீருக்கும் தெரியவில்லை.

வந்தது காதுகேட்காத டெய்லர். எப்போதோ சிரிப்புக்காக ரங்கநாயகி எழுதிய ஆள். அந்தக் காட்சியில் செவ்வந்தி மகனுடைய பள்ளிக்கூட யூனிபாரத்துக்குத் துணி கொடுத்திருந்தாள். அவர் காதில் விழாமல் தப்புத் தப்பாக அளவு எழுதிக்கொண்டதுதான் அன்றைய வேடிக்கை. அவரும் மறக்கவில்லை. ஊரில் நடந்தது எதுவும் தெரியாமல், தைத்து முடித்த டவுசரையும் சட்டையையும் நீட்டி, “வளர்ற புள்ளையாச்சேம்மா, அடியில ரெண்டு இஞ்ச் மடிச்சு வெச்சுத் தெச்சிருக்கேன். அடுத்த வருசமும் ஆகும்,” என்றார்.

செவ்வந்தி வாங்கிக்கொண்டாள். அவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக, “ரொம்ப சந்தோசமுங்க,” என்றாள். பிறகு பட்டுச் சேலையோடு வாசல்படியில் உட்கார்ந்து, பல்லால் நூலைக் கடித்து அந்த மடிப்பைப் பிரிக்க ஆரம்பித்தாள். கார் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, அவள் இல்லாமலே போய்விட்டது. நூல் ‘டப் டப்’பென்று அறுபடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு காட்சியை ரங்கநாயகி எழுதியதில்லை. இதையும் அவள் எழுதவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் கதை கேட்கிற சிறுமியைப்போல அவள் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்றிருந்தது. சொல்ல ஆளில்லாமல் பெனசீரின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

அந்தப் பகுதி வெளியான நாளில் ஊரே அதைப் பேசியது. பேக்கரியில் டீக்கு நின்றவர்கள் போனைச் சத்தமாக வைத்துக் கேட்டார்களாம். உடுமலையிலிருந்து ஒரு பெண் அலுவலகத்துக்கே போன் செய்தாள். அவளுடைய அக்காவுக்குக் குழந்தை போய்ப் பதினாறு முடிந்த கையோடு, மனசு மாறட்டும் என்று ஒரு கிரகப்பிரவேசத்துக்கு இழுத்துப் போனார்களாம். அங்கே அக்கா சிரித்துக்கொண்டே பந்தி பரிமாறினதைப் பார்த்து, பரவாயில்லை, தேறிவிட்டாள் என்று நிம்மதியாகிவிட்டார்களாம். “நேத்து இதைக் கேட்டுட்டு அக்கா வீட்டுக்குப் போனேனுங்க. ஒண்ணும் பேசல. சும்மா பக்கத்துல உக்காந்துட்டு வந்தேன்,” என்றாள். ரங்கநாயகி போனை வைத்துவிட்டு வெகுநேரம் மாடி வராண்டாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். தன் கதை ஒருத்தியை எழுந்து இன்னொருத்தி வீட்டுக்குப் போகவைக்கும் என்று அவள் நினைத்ததேயில்லை.

ஆனால் மாதங்கள் ஓடின. செவ்வந்தி தேறவில்லை. கல்யாணத்துக்கு வராத அக்காவை மன்னிக்க முடியாமல் தங்கை பேச்சை நிறுத்திக்கொண்டாள். செவ்வந்தியின் புருஷன் பழனிக்குமார் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தான் உழுதுவந்த காட்டையே குத்தகைக்கு விட்டுவிட்டான். தண்ணீரைத் தாண்டிப் போக அவனால் ஆகவில்லை. ரங்கநாயகி எதை எழுதினாலும் அது அந்த ஒரு வெள்ளிக்கிழமைக்கே போய் முட்டியது.

நிறுவனத்தை நடத்துகிற தண்டபாணி கெட்டவரல்ல. கதை கேட்கிற பிரியத்தில்தான் இந்தத் தொழிலுக்கே வந்தவர். அவர் இரண்டு பேரையும் கூப்பிட்டு, தீபாவளி வருகிறது, விளம்பரம் தருகிற இனிப்புக் கடைக்காரர் அழுகிற வீட்டில் எப்படி மைசூர்பாகு விற்பேன் என்று கேட்கிறார், செவ்வந்தியை எப்படியாவது சிரிக்கவைத்தாக வேண்டும் என்றார். பையன் சாவதற்கு முந்தைய நாள்வரை அவள் மனசைப் பின்னால் நகர்த்தி, மற்றதை அழித்துவிட முடியுமாமே என்று பெனசீரைக் கேட்டார்.

“முடியும் சார்,” என்றாள் பெனசீர். “ஆனா அப்படிச் செஞ்சா இந்தச் செவ்வந்தி இருக்க மாட்டா. அதே குரல்ல வேற ஒருத்தி இருப்பா.”

“அவளுக்கு நெஜமாவே வலிக்குதுங்கிறியா?”

“அது எனக்குத் தெரியாது சார். வலிச்சா ஒரு மனுஷி என்னென்ன செய்வாளோ அத்தனையும் செய்யறா. அதுக்கு மேல என் படிப்பு பத்தல.”

அழிக்கக் கூடாது என்று ரங்கநாயகி உடனே சொன்னாள். சொன்ன வேகத்திலேயே அவளுக்கு வேறொன்று பளிச்சென்று தோன்றியது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பையனைத் திருப்பிக் கொடுத்தால் என்ன? வாய்க்காலில் கிடைத்தது வேறொரு பிள்ளை. ஊறிப்போன முகத்தைப் பார்த்து எல்லோரும் ஏமாந்துவிட்டார்கள். மாதேஷ் அடித்துக்கொண்டு போய் வேறு ஊரில் கரையேறி, யாரோ வளர்த்திருக்கிறார்கள். மற்ற தொடர்களில் இந்த வித்தையை அவள் எத்தனையோ முறை செய்திருக்கிறாள். அப்போதெல்லாம் அது வித்தை. இப்போது அப்படித் தோன்றவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தாய்க்கும் யாராலும் கொடுக்க முடியாததைத் தன்னால் செவ்வந்திக்குக் கொடுக்க முடியும். அந்த நினைப்பே அவளுக்குப் போதை மாதிரி ஏறியது. தண்டபாணியும் எழுந்து நின்றுவிட்டார். தீபாவளிக்கு முந்தைய வாரம், முன்கூட்டிப் பதிவு செய்யாமல், நடக்க நடக்க நேரடியாகவே ஒலிபரப்புவது என்று முடிவாயிற்று.

பெனசீர் மாதேஷைத் தயார் செய்தாள். இறந்த நாளன்று காலையில் இட்லி தின்றது வரை அவனுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு தண்ணீர், இருட்டு, யார் யாரோ வீடு என்று மங்கலாகக் கொஞ்சம்.

அன்று மாலை லட்சக்கணக்கான பேர் காதில் மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ரங்கநாயகி எழுதினாள்: மாதேஷ் கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வருகிறான்.

“அம்மா, பசிக்குது.”

முற்றத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த செவ்வந்தியின் கத்தி நின்றது. ரங்கநாயகி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஹெட்போனில் எதுவும் கேட்கவில்லை.

“யாரு சாமி நீ?” என்றாள் செவ்வந்தி.

பையன் சிரித்தான். அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்தான். அவள் விளையாடவில்லை. உள்ளே போய்த் தயிர்ச்சோறு பிசைந்து கொண்டுவந்து கொடுத்தாள். பெயர் என்ன என்று கேட்டாள். மாதேஷ் என்றான். அவளுடைய வளையல் சத்தம் ஒருமுறை நின்று மறுபடி கேட்டது. சாப்பிட்டு முடிக்கிறவரை காத்திருந்து, வாயைத் துடைத்துவிட்டாள். “உங்கம்மா தேடிட்டு இருப்பா கண்ணு. வா, போலீஸ் ஸ்டேசனுக்குப் போயிச் சொல்லலாம்,” என்று கையைப் பிடித்து எழுப்பினாள்.

ரங்கநாயகி வெறிபிடித்தவள்போல் தட்டினாள். பையனின் முழங்காலில் பழைய தழும்பைக் காட்டவைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டிவந்தாள். பழனிக்குமாரை ஓடிவரச் செய்தாள். அவன் பையனைக் கண்டதும் அள்ளிக்கொண்டு கேவினான். அவனுக்குக் காரணம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. செவ்வந்தி அசையவில்லை.

“நானே குளிப்பாட்டினனுங்க,” என்றாள் புருஷனிடம். “காதுக்குப் பின்னால இருந்த சேத்தை நாந்தான் துணி நனைச்சுத் தொடைச்சேன். நீங்க குழியில எறங்கி வாங்கினீங்க. நம்ம கையால மண்ணு போட்டமுங்க. இந்தப் பையனைப் பெத்தவ எங்கியோ ரோட்டைப் பாத்துட்டு நிக்கிறா. அவ எப்படி நிப்பான்னு எனக்குத் தெரியும். அவ புள்ளைய நான் வெச்சுக்க மாட்டேன்.”

“நீதாம்மா எங்கம்மா,” என்று மாதேஷ் அழ ஆரம்பித்தான்.

செவ்வந்தி அவனைக் கொண்டுபோய் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்தாள். அங்கே அவன் அழுது அழுது விக்கிக்கொண்டிருந்தபோது, தண்டபாணி ஒலிபரப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். தன் கையில் இருந்ததிலேயே பெரிய பரிசை ரங்கநாயகி கொடுத்திருந்தாள். அதை வாங்கிக்கொண்டவள் அதற்குச் சொந்தக்காரியைத் தேடப் போய்விட்டாள்.

“இத்தனை நாளா அந்த வீட்ல புள்ளைக்கு அழுற அம்மா மட்டுந்தான் இருந்தாங்க்கா. அம்மாவுக்கு அழுற புள்ள இல்ல,” என்றாள் பெனசீர் மெதுவாக. “இப்ப அதையும் நாம கொண்டாந்துட்டோம்.”

“நிறுத்தி வெச்சிருக்கே, இப்ப அவன் அழுதுட்டா இருக்கான்?” என்று கேட்டாள் ரங்கநாயகி.

“இல்ல. நிறுத்திட்டா அவங்களுக்கு நேரமே கெடையாது. நாளைக்கு ஓடவிட்டா, விட்ட எடத்துலருந்து அழுவான்.”

மறுநாள் காலை தண்டபாணி, பையனை எடுத்துவிடுவதா, தாயின் மனசை அழிப்பதா, இரண்டில் ஒன்று சொல்லுங்கள் மேடம் என்று வந்து நின்றார். ரங்கநாயகி வீட்டில் ஒரு வாய் சாப்பிடாமல் வந்திருந்தாள். ஆனால் கண்ணில் மறுபடி அந்தத் துடிப்பு இருந்தது. இரண்டும் வேண்டாம் என்றாள். நேற்று தான் செய்த தப்பு, சாட்சிமேல் சாட்சியாகக் கொண்டுவந்து குவித்ததுதான் என்றாள். செவ்வந்தி தன் கண்ணால் கண்டதைப் பொய்யென்று நிரூபிக்கப் பார்த்தோம். எந்த மனுஷி அதற்கு ஒத்துக்கொள்வாள்? இனி ஒன்றும் நிரூபிக்கப் போவதில்லை. பொழுது விடியும், பொழுது சாயும். அவ்வளவுதான் எழுதுவேன் என்றாள்.

“அப்புறம்?”

“எனக்குத் தெரியாது சார். பதினஞ்சு வருஷத்துல முதல் தடவையா எனக்கு நெஜமாவே தெரியாது. தெரிஞ்சுக்காம என்னால இருக்க முடியல.”

தண்டபாணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு இனிப்புக் கடையை மறந்து, “பையனை ஸ்டேசன்லயே விட்டுட்டுப் போயிருவாளா?” என்று கேட்டார்.

“ஓடவிட்டாத்தானே தெரியும்.”

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ரங்கநாயகி எழுதினாள்: பொழுது சாய்கிறது. பையனைத் தேடி யாரும் வரவில்லை.

செவ்வந்தி போய்விடவில்லை. பெண் போலீஸிடம், சின்னப் பிள்ளை ஸ்டேஷனில் படுக்கக் கூடாது, பெற்றவள் வருகிறவரை தானே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அழைத்துப் போனாள். ஸ்டூடியோவில் மூவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

அதன் பிறகு ரங்கநாயகி எழுதியதெல்லாம் சின்னச் சின்ன வரிகள். மழை வருகிறது. பால்காரர் வருகிறார். பையனுக்கு ஜலதோஷம். செவ்வந்தி அவனுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டாள், கஷாயம் கொடுத்தாள். ஆனால் அவன் அம்மா என்று கூப்பிடும்போதெல்லாம் கை சுட்டதுபோல் விலகிப்போனாள். அவனைப் புருஷன் பக்கத்தில் படுக்கவைத்தாள். தினமும் சாயங்காலம் ஸ்டேஷனுக்கு நடந்து போய், யாராவது வந்து கேட்டார்களா என்று விசாரித்துவிட்டு வந்தாள். பழனிக்குமாருக்கு ஆத்திரம் பொங்கியது. பிடிவாதக்காரி என்று கத்தினான். மாதேஷ் சுவரோரமாக நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அழுவது குறைந்துவிட்டது. எதையோ யோசிக்கிறவன் போல் இருந்தான்.

கேட்கிறவர்கள் குறையவில்லை. பெருகினார்கள். பிள்ளையை ஏற்றுக்கொள்ளும்மா என்று பாதிப் பேர் கெஞ்சினார்கள். அவளை வற்புறுத்தாதீர்கள் என்று பாதிப் பேர் சண்டைக்கு வந்தார்கள். ரங்கநாயகி வேலைக்குப் படியேறி வரவில்லை, ஓடி வந்தாள்.

தீபாவளி காலை ஒலிபரப்பு. அவள் எழுதியது ஒரே வரி: எண்ணெய் காய்ச்சியாயிற்று.

மணையில் பையன் உட்கார்ந்திருந்தான். செவ்வந்தி எண்ணெய்க் கிண்ணத்தோடு அவன் பின்னால் வந்து நின்றாள். நின்றவள் நின்றவள்தான். பண்டிகை நாளில் பிள்ளையின் தலையில் முதல் எண்ணெய் வைப்பது பெற்றவளின் உரிமை. அதை எடுத்துக்கொள்ள அவளுக்குக் கை வரவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைக் கூப்பிடத் திரும்பினாள்.

“அத்தை,” என்றான் மாதேஷ்.

ஸ்டூடியோவில் மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். அந்த வார்த்தையை அவன் இதுவரை சொன்னதில்லை.

“எங்கம்மா வேற ஊர்ல இருக்காங்க அத்தை. எனக்கு ஞாபகம் வந்துருச்சு. அவங்க வர்ற வரைக்கும் உங்களைத் தேய்ச்சு விடச் சொன்னாங்க.”

செவ்வந்தி மெல்ல உட்கார்ந்தாள். முதல் சொட்டு எண்ணெய் அவன் உச்சியில் விழுந்தது. அதைத் தேய்க்கும்போது அவள் விட்ட பெருமூச்சு, அந்த வாய்க்கால் நாளிலிருந்து உள்ளேயே அடைத்துக்கொண்டிருந்ததைப்போல் வெளியே வந்தது.

ரங்கநாயகி பதறிப்போய்ப் பெனசீரின் கையைப் பிடித்தாள். “பையனுக்கு என்னாச்சு? யாராவது மாத்தி எழுதினீங்களா? அவங்கம்மாவை மறந்துட்டானா?”

பெனசீர் திரையில் எதையெதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“யாரும் எதையும் தொடலைங்க்கா. அவன் ஒண்ணும் மறக்கல. இவங்கதான் அம்மான்னு அவனுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றான்.”

தண்டபாணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரங்கநாயகி திரையில் காத்திருந்த வெற்று வரியைப் பார்த்தாள். அதில் எழுத அவளிடம் ஒன்றுமில்லை. எழுதவும் அவள் விரும்பவில்லை. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

அந்தப் பக்கம் உள்ளங்கை தலையில் வட்டமாகத் தேய்கிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்துச் செவ்வந்தியின் குரல் வந்தது. பல மாதமாக அவர்கள் கேட்காத குரல்.

“உங்கம்மா எப்ப வருவா, சாமி?”

“வருவாங்க அத்தை,” என்றான் மாதேஷ். “மெதுவா வருவாங்க.”